பக்கத்து இருக்கை

ஜூன் 5, திங்கள்

பதினோரு வருடமாக என் அலுவலகப் படியைத் தானாக மிதிக்காத பெண்கள், நெட்டியின் மைதானத்துக்கு மட்டும் ஏன் ஓடி வருகிறார்கள்? எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

வேலை முடிந்து வரும் வழியில் வண்டியை நிறுத்தி எண்ணினேன். பதினேழு பேர். ஆற்றிலிருந்து வரும் அந்த ஜூன் மாதக் குளிர்காலக் காற்றில், அரைக்கால் சட்டையோடு. இந்த வருடம் வேலை வேண்டும் என்று என்னிடம் பதிவு செய்த நம் பழங்குடிப் பெண்கள் நான்கு பேர். அந்த நால்வரும் அங்கேதான் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நெட்டி என் சித்தி மகள். சிறுவயதில் ஒரே வீடு, ஒரே கட்டில். நான் படிக்க சிட்னி போனேன், அவள் ரக்பி ஆடக் குயின்ஸ்லாந்து போனாள். பிப்ரவரியில் முழங்கால் தழும்போடும் ஒரு பழைய வேனோடும் திரும்பி வந்தாள். மார்ச்சில் பெண்கள் அணி தொடங்கிவிட்டாள். பெயர் ஈமு. ஏன் ஈமு என்று கேட்டேன்.

"அது பின்பக்கமா நடக்காதுக்கா."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். நான் பதினோரு வருடத்தில் யாரையாவது கைதட்ட வைத்திருக்கிறேனா?

ஜூன் 6

அவளை ஆன்ட்டி என்கிறார்கள். என்னை மிஸ் என்கிறார்கள். பாதிப் பேருக்கு நான் ரத்த உறவு.

ஜூன் 14, புதன்

அவள் செய்துகொண்டிருப்பது என்ன என்று இன்றுதான் முழுதாகப் புரிந்தது. புரிந்ததும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் ஓட்டுநர் உரிமம் இல்லாதவர்களுக்கு வேலை இல்லை. தேர்வுக்குப் போக நூற்றிருபது மணி நேரம் வண்டி ஓட்டியிருக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் முழு உரிமம் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்தையும் குறிப்பேட்டில் எழுதி அவர் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் காரும் இல்லை, உரிமம் உள்ள ஆளும் இல்லை என்றால் அந்தப் பெண் நூற்றிருபது மணிக்கு எங்கே போவாள்?

இதைப் பற்றி நான் இரண்டு அறிக்கைகள் எழுதியிருக்கிறேன். இரண்டாவதில் அட்டவணைகள்கூட உண்டு.

நெட்டி அறிக்கை எழுதவில்லை. எங்களுக்குப் பக்கத்து ஊர் என்பதே நூற்றியெண்பது கிலோமீட்டர். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டத்துக்குப் போய் வர வேண்டும். போகும்போது ஒருத்தி ஓட்டுகிறாள், வரும்போது ஒருத்தி. நெட்டி பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறாள். அவ்வளவுதான்.

இவ்வளவு எளிமையான ஒன்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஜூன் 23, வெள்ளி

எங்கள் மக்களின் நில மன்றக் கூட்டம். டார்னிக்கு வேலை கிடைத்த செய்தியை வாசித்தார்கள். பூங்காத் துறையில் களப் பயிற்சிப் பணியாளர், இரண்டு வருடம், நம் ஆற்றங்கரைக் காட்டிலேயே. பத்தொன்பது வயதில் இப்படி ஒரு வேலை இந்த ஊரில் யாருக்கும் வாய்த்ததில்லை. ஒரே நிபந்தனை, ஆகஸ்ட் 31-க்குள் உரிமத்தைக் காட்ட வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த ஆள்.

டார்னி ஈமு அணியின் தலைவி. எல்லோரும் நெட்டியின் முதுகில் தட்டினார்கள். "நாலு மாசத்துல சாதிச்சுட்டியேம்மா!" பிறகு என் பக்கம் திரும்பி ஒருவர், "நீயும் ஒரு பந்து வாங்கிக்கோ கோரலி."

சிரித்தேன்.

அந்த எட்டுப் பக்க விண்ணப்பத்தை நிரப்பியது நான். அந்த வேலை இருக்கிறது என்று கண்டுபிடித்ததே நான். நெட்டிக்கு அது தெரியும். சொல்லவில்லை. இல்லை, நியாயமாக எழுதுகிறேன் — அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், கைதட்டலில் அது கேட்கவில்லை.

ஜூலை 6, வியாழன்

அணியின் கோப்புக்காக நெட்டியின் உரிமத்தை நகல் எடுக்கக் கேட்டிருந்தேன். மதியம் வந்தாள், பர்ஸை அப்படியே என் மேசையில் போட்டாள். "நீயே எடுத்துக்கக்கா, எனக்குக் கண்ணாடி இல்ல." வெளியே போய் யாரிடமோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நகல் வந்தது. குயின்ஸ்லாந்து முகவரி. மே 14-இல் காலாவதி.

நினைவூட்டும் கடிதம் அவள் விட்டுவந்த வீட்டுக்குப் போயிருக்கும். அங்கே யார் இருக்கிறார்களோ, அலமாரி மேல் வைத்திருப்பார்கள். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் இப்படித்தான். ஒரு வருடத்தில் நான்கு வீடுகளில் தூங்கிவிட்டு ஐந்தாவது வீட்டில் இருப்போம். கடிதம் முதல் வீட்டில் இருக்கும்.

மே 14-க்குப் பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு மணி நேரமும் செல்லாது.

பர்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். "எல்லாம் சரியா இருக்கா?" என்றாள்.

"ம்."

ஜூலை 7

சொல்லவில்லை.

ஜூலை 15, சனி

இன்று சொந்த ஊரில் காட்சி ஆட்டம். ஈமு வென்றது. ஊர் முழுக்க வேலியோரம் நின்றது. முடிந்ததும் டார்னி ஓடிவந்து யார் கழுத்தைக் கட்டிக்கொண்டாள் என்று எழுத வேண்டியதில்லை.

பிறகு நீண்ட சாலையில் ஓட்டிப் பழக டார்னி வேனை எடுத்தாள். பக்கத்தில் நெட்டி. பின்னால் டார்னியின் அம்மா ஐலீன். பள்ளிக்கூடம் சுத்தம் செய்யும் வேலை ஐலீனுக்கு, விடுமுறை நாளில் மகள் ஓட்டும் வண்டியில் ஏறிவிடுவாள். உரிமம் இல்லாதவள் என்பதால் எப்போதும் பின்னால்தான். என்னைக் கடக்கும்போது டார்னி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினாள், இந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் எல்லோரும் வழியில் பார்ப்பவர்களுக்கு வணக்கம் சொல்வதுபோல. நான் திருப்பித் தூக்கவில்லை.

நெட்டியிடம் சொல்ல இன்று மூன்று சந்தர்ப்பம் இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் சொன்னால் அவர்கள் மனம் உடையும். பின்னால் சொன்னால் கொண்டாட்டம் கெடும். நாளைக்கு ஞாயிறு.

எவ்வளவு அக்கறை எனக்கு!

ஜூலை 24

தெளிவாக எழுதிப் பார்க்கிறேன். நான் காத்திருப்பது நெட்டி விழுவதற்காக. டார்னி விழுவதற்காக அல்ல. ஆனால் ஒருத்தியைத் தள்ளாமல் இன்னொருத்தி விழ மாட்டாள். இது எனக்கு ஜூலை 6 அன்றே தெரியும். படித்தவள்தானே.

ஜூலை 31, திங்கள்

டார்னி குறிப்பேட்டைக் கொண்டு வந்தாள். "மிஸ், நூத்தி ஆறு மணி ஆயிடுச்சு. இன்னும் பதினாலுதான். தப்பு இருக்கான்னு பாத்துக் குடுங்க, உங்க கண்ணுக்குத் தப்பு எதுவும் தப்பாதுன்னு நெட்டி ஆன்ட்டி சொன்னாங்க."

அவள் போனபிறகு திறந்தேன். சாலை எப்படி இருந்தது என்று எழுத ஒரு கட்டம் உண்டு. 'ஈரம்', 'காய்ந்தது' என்று போட்டால் போதும். இவள் எழுதியிருக்கிறாள்: 'மழை. ஈமு ஒன்பது, அதில் குஞ்சு ஐந்து.' 'மண் ரோடு. ஒரு கங்காரு, எங்கள் தப்பில்லை.' 'காய்ந்தது. அம்மா பின்னால் தூங்கிவிட்டாங்க, அதனால் மெதுவாக.'

கூட்டினேன். மே 14-க்கு முன் ஐம்பத்திரண்டு. பின் ஐம்பத்திநான்கு. அந்த ஐம்பத்திநான்கில் ஜூலை 6-க்குப் பிறகு ஓட்டியவை இருபத்திநான்கு.

முப்பது மணி நெட்டியின் மறதி. இருபத்திநான்கு மணி என்னுடையவை.

அம்மா தூங்கிய அந்தப் பயணம் ஜூலை 22.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

விடிந்ததும் நெட்டி வீட்டுக்குப் போனேன். தணல் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். நகலை மேசையில் வைத்தேன்.

முதலில் கண்ணாடியைத் தேடினாள். பிறகு படித்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"அய்யோ. அந்தப் புள்ள."

தன் பெயர் கெடும் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். முதல் வார்த்தையே டார்னிதான். அதற்கும் எனக்கு எரிந்தது. இதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டுக்கே அர்த்தமில்லை.

"இது நான் உன்கிட்ட பர்ஸ் குடுத்த அன்னைக்கு எடுத்த நகல்தானே?"

"ஆமா."

"அன்னைக்கே பாத்துட்டியா?"

"பாத்தேன்."

ரொட்டி கருகும் வாசனை வந்தது. அவள் எழவில்லை.

"சின்ன வயசுல நான் ஏதாவது உடைச்சா அம்மா வர்றதுக்குள்ள நீதான் ஒட்ட வெப்ப" என்றாள். "இப்ப பாத்துக்கிட்டு உக்காந்திருந்தியாக்கும்."

பிறகு, "சரி. எத்தனை மணி வேணும்?"

"அறுபத்தெட்டு. தேர்வு இருபத்தொம்பதாம் தேதி."

"என் உரிமம் கைக்கு வர மூணு வாரம் ஆகும். உன்னது செல்லும்ல?"

"செல்லும்."

"அப்ப ஏறு வண்டியில."

ஆகஸ்ட் 2

நெட்டி எல்லாப் பெண்களையும் கூட்டிச் சொன்னாள். தன் தவறு, தன் மறதி, முழுக்கத் தன்னுடையது. மே 14-க்குப் பிறகு எல்லோரும் ஓட்டிய மணிகள் போயின. நாள் நெருக்கடி டார்னிக்கு மட்டும். பெண்களில் ஒருத்தி, "வெக்கம், ஆன்ட்டி, வெக்கம்! எங்களைப் போய் காகிதம் சரியா வெச்சுக்கோன்னு சொன்னீங்களே!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நெட்டியும் சிரித்தாள். கண் துடைத்தாள்.

என் பெயரைச் சொல்லவில்லை. ஜூலை 6 என்று சொல்லவில்லை.

இதிலும் அவளே ஜெயித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 5, சனி

பக்கத்து இருக்கையில் நான். நெட்டி பின்னால், தண்ணீர் பாட்டில்களுக்கும் ஐலீனுக்கும் நடுவில். ஏழு மணி நேரம். நான் பேசியது மொத்தம்: "பிரேக்." "பிரேக்." "வேகம்." "பிரேக்."

"மிஸ், நீங்க வேலைக்கு ஆள் எடுக்குற மாதிரியே பாக்குறீங்க" என்றாள் டார்னி.

பின்னாலிருந்து நெட்டி, "அவ மூஞ்சியே அப்படித்தான்டி. பொறந்தப்பவே கையில பேனா."

மீதி அறுபத்தொன்று.

ஆகஸ்ட் 9

தினமும் காலை ஒன்றரை மணி நேரம், மாலை ஒன்றரை மணி நேரம். டார்னியும் நானும் மட்டும், என் காரில். கோதுமைச் சேமிப்புக் குதிர்கள் பக்கம் போய்த் திரும்புகிறோம். பேச ஒன்றுமில்லாததால் பேசுகிறோம்.

"நீ ஏன் தானா என் ஆபீஸுக்கு வரல? மார்ச்சுல நான்தானே உன் வீடு தேடி வந்தேன்."

"அங்க உக்காந்தா கண்ணாடி வழியா மெயின் ரோடே பாக்கும் மிஸ். வேலை இல்லாதவ யாருன்னு ஊருக்கே காட்டுற மாதிரி. வெக்கமா இருக்கும்."

அந்தக் கண்ணாடிச் சுவரை வைக்கச் சொன்னது நான். வெளிச்சம் வேண்டும், ஒளிவுமறைவு இல்லாமல் இருக்க வேண்டும் என்று.

ஆகஸ்ட் 12, சனி

திரும்பும் வழியில் நெட்டியும் ஐலீனும் பின்னால் தூங்கிவிட்டார்கள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"டார்னி, நெட்டியோட உரிம விஷயம் எனக்கு முன்னாடியே —"

"மிஸ், இப்ப பேசாதீங்க, எதிர்ல பெரிய லாரி வருது."

மூன்று பெட்டி இழுத்து வரும் லாரி. வண்டி குலுங்கியது. அவள் இரண்டு கையாலும் பிடித்து நேராக வைத்தாள். தூசி அடங்கியதும், "சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். தேதியைச் சொன்னேன். இருபத்திநான்கைச் சொன்னேன்.

"எதுக்கு?"

"பொறாமை."

பத்து கிலோமீட்டர் ஓட்டினாள். வேகம் தொண்ணூறிலேயே நின்றது.

"எனக்குக் கோவம் வருது" என்றாள். "ஆனா ஓட்டுறப்ப கோவப்படக் கூடாதுன்னு நெட்டி ஆன்ட்டி சொல்லியிருக்காங்க. வீட்டுக்குப் போய்க் கோவப்படுறேன்."

வீட்டுக்குப் போய்க் கோபப்பட்டாள். கதவைச் சாத்திய சத்தம் தெருவுக்கே கேட்டது.

ஆகஸ்ட் 13

காலை ஆறரைக்கு வாசலில் நின்றாள். "சாவி" என்றாள். ஓட்டினாள். ஒன்றரை மணி. கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 21

மீதி பதினெட்டு. இன்று என்னை ஆன்ட்டி என்றாள். "ஆன்ட்டி, அந்தப் பக்கம் பாக்கச் சொல்லி உயிரை எடுக்காதீங்க!" அன்பாக இல்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

நூற்றிருபது முடிந்தது. இனி நாளைய தேர்வுதான். நாளை தவறினால் மறுதேதி செப்டம்பர் இரண்டாம் வாரம்தான், வேலை போய்விடும்.

நெட்டியின் புது உரிமம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. தேர்வு மையம் வரை யார் பக்கத்தில் உட்காரப்போவது என்று டார்னி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அறுபத்தெட்டு மணியும் நான் உட்கார்ந்திருக்கிறேன், அதில் இருபத்திநான்கு என் கடன் என்றாலும். ஐம்பதை நெருங்குகிறேன், ஒரு கார் இருக்கைக்கு ஏங்குகிறேன். யாராவது படித்தால் என்ன நினைப்பார்கள்?

முன் இருக்கையைத் துடைத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

போகும்போது டார்னி, "நெட்டி ஆன்ட்டி முன்னால" என்றாள். நான் ஐலீனோடு பின்னால். வலித்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஜன்னல் வழியே வேலிக்கம்பங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தேர்வு நாற்பது நிமிடம். நாங்கள் மூவரும் வெளியே பெஞ்சில். நெட்டி நகம் கடித்தாள். ஐலீன் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். வண்டி திரும்பி வந்து நின்றது. தேர்வாளர் இறங்கி ஏதோ எழுதிக்கொண்டே உள்ளே போனார். டார்னி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஐலீன், "போச்சா?" என்றாள். டார்னி தலையை நிமிர்த்தாமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

நெட்டி கத்தியதில் தெருவில் போனவர்கள் நின்றார்கள். அங்கிருந்தே உரிமத்தைப் படமெடுத்துப் பூங்காத் துறைக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்.

திரும்பும்போது என் முறை என்று நினைத்தேன். போகும்போது ஒருத்தி, வரும்போது ஒருத்தி, அணியின் வழக்கம் அதுதானே. முன்கதவின் பிடியில் கை வைத்துவிட்டேன்.

"ஆன்ட்டி, நீங்க இல்ல" என்றாள் டார்னி. "நெட்டி ஆன்ட்டி, நீங்களும் இல்ல. ரெண்டு பேரும் பின்னால போங்க. அம்மா, வா."

"நானா? எனக்குத்தான் உரிமம் இல்லையேடி."

"இனிமே என் பக்கத்துல உக்கார யாருக்கும் உரிமம் வேண்டாம்மா. ஏறு."

ஐலீன் ஏறினாள். கைப்பையை மடியில் வைத்து, பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். பின்னால் நெட்டியும் நானும், பந்துப்பைக்கு இடம் விட்டு முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். அந்தக் காலத்துக் கட்டிலில் படுத்ததுபோல. "தள்ளிக்கக்கா" என்றாள். தள்ளிக்கொண்டேன்.

வீடு வரை ஐலீன் தூங்கவில்லை. எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் அவள்தான் விரலைத் தூக்கினாள்.