புலிக்குப் பருப்புச் சோறு

மார்ச் 4

என் ஊசிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், நம்பினால் நம்பு. போன் எண்ணை மாற்றிவிட்டாய். உன் அண்ணனை நாலு முறை நச்சரித்து இந்த முகவரியை வாங்கினேன். தோழி வீட்டு மாடியறையில் இருக்கிறாயாம். காற்று வருகிறதா?

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. குடலில் ஒரு சாண் வெட்டி எடுத்துவிட்டுத் தைத்திருக்கிறார்கள். தும்மினால் உயிர் போகிறது. டாக்டரம்மா, "ஆறு மாசத்துக்குக் கறியை மறந்துடுங்க. அதுக்கப்புறமும் ஞாபகப்படுத்திக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னைப் பற்றி உனக்குத் தெரியும். காலையில் எலும்பு சூப்பு, மதியம் வறுவல், ராத்திரி குழம்பு. பல் முளைத்த நாளிலிருந்து கறி இல்லாமல் ஒரு வேளைச் சோறு எனக்கு இறங்கியதில்லை. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். தின்னச் சொல்கிறார்கள்.

அக்காதான் வந்து சமைத்துப் போடுகிறாள். கறி இல்லாமல் சட்டியை அடுப்பில் ஏற்றவே அவளுக்குத் தெரியாது, எங்கள் வீட்டு வளர்ப்பு அப்படி. நீயோ இறைச்சிக் கடையில் பகல் முழுக்க நின்று வெட்டுகிறவள். எலும்பு இடுக்கில் கத்தியை ஊசி மாதிரி விடுகிறாய் என்று கடையே உனக்குப் பெயர் வைத்திருக்கிறது. ஆனால் வீட்டில் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்கமாட்டாய். உனக்கென்று ஒரு சின்னச் சட்டியில் ஏதேதோ செய்து தின்பாயே, அதையெல்லாம் எழுது. அக்காவுக்குப் புரிகிற மாதிரி எழுது.

இன்னொன்று. போலீஸ்காரர் வந்திருந்தார். பாத்திரம் கழுவும் தொட்டியில் கத்தி நட்டுக்கொண்டு கிடந்தது, கால் வழுக்கி அதன்மேல் சாய்ந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். உன்னை உள்ளே இழுக்கவில்லை. கட்டியவன் என்றால் இப்படி இருக்க வேண்டும். அடிக்கிற கைதான் அணைக்கும், தெரிந்துகொள்.

உன்,
கணவன்

*

மார்ச் 10

என்னங்க,

கடிதம் கிடைத்தது. மாடியறையில் காற்று நன்றாக வருகிறது.

பதில் போட வேண்டாம் என்றுதான் தோழி சொன்னாள். "குத்தவும் குத்திட்டு, சமையல் குறிப்பும் குடுப்பியாடி?" என்று கேட்டாள். பசி என்று கேட்டவருக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவ்வளவுதான், வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் அக்காவிடம் இதைச் சொல்லுங்கள், அண்ணிக்குப் புரியும். ஒரு பிடி பருப்பைக் குழைய வேகவைக்க வேண்டும். இரண்டு வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, சின்னத் தீயில் நல்ல பழுப்பாகும்வரை வதக்க வேண்டும். அவசரப்பட்டால் கெட்டது. கறிக்குழம்பின் ருசி என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி அந்த வெங்காயம்தான். பூண்டும் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, பருப்பில் கொட்டிக் கலந்து, இறக்கியபின் எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள். தையல் ஆறும்வரை இது போதும்.

இதே பருப்பைத்தான் அன்றைக்கும் வைத்திருந்தேன். கடையில் குளிர் அறை பழுதாகி மூன்று நாள் வெட்டு இல்லை, அதனால் கறியும் இல்லை. தட்டைப் பார்த்து, "இது என்ன, மாட்டுக்கு வெச்சதா?" என்று கேட்டீர்கள். என் வலது கையைப் பிடித்து, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த இரும்புச் சட்டிக்குள் வைத்து அழுத்தினீர்கள். அழுத்திக்கொண்டே எண்ணினீர்கள். ஏழு வரைக்கும் எனக்குக் கேட்டது. தோல் சட்டியோடு ஒட்டிக்கொண்டது. சுவரில் தொங்கிய என் கத்தி இடது கைக்கு எட்டியது.

நீங்கள் சுருண்டு விழுந்ததும் துண்டை வைத்து அழுத்திப் பிடித்து ஆம்புலன்சைக் கூப்பிட்டதும் அதே இடது கைதான். வலது கை இன்னும் மூடவில்லை. கடையில் என்னை வெட்டுப் பலகையிலிருந்து பொட்டலம் கட்டும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
மனைவி

*

மார்ச் 15

ஊசி,

உன் பருப்பு வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது, வாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் பொறுத்தேன். பல்லுக்கு வேலையே இல்லாத சோறு ஒரு சோறா? நாலாம் நாள் தட்டைத் தூக்கி எறிந்தேன். சுவரைப் பார்த்துத்தான் எறிந்தேன், அக்கா குறுக்கே வந்துவிட்டாள். புருவத்தில் ஐந்து தையல். ரத்தம் கண்ணில் வழிய நின்றுகொண்டு, "தம்பி, உனக்கு வயித்துல தையல் பிரிஞ்சிடப்போகுது, உக்காரு" என்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இப்போது அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு மூன்று வேளையும் ரொட்டியும் பாலும்தான்.

கையைப் பற்றி எழுதியிருந்தாய். பழையதைக் கிளறாதே. கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும். ஒன்பது வருஷத்தில் உனக்கு ஒரு குறை வைத்தேனா?

மெல்லுவதற்கு ஏதாவது இருந்தால் எழுது. அதைவிட நீயே வந்துவிடு. இருபத்து நாலாம் தேதி போலீஸ்காரர் கையெழுத்து வாங்க வருகிறார். எழுதியதை வாசித்துக் காட்டுவாராம், மாற்ற வேண்டியது இருந்தால் மாற்றலாமாம். நீ பக்கத்தில் நின்றால் மாற்றுவதற்கு என்ன இருக்கிறது? நீ இல்லை என்றால் எனக்கு ஏதாவது ஞாபகம் வந்தாலும் வரும்.

உன்,
கணவன்

*

மார்ச் 18

என்னங்க,

அண்ணிக்குப் போன் செய்து பேசினேன். தையல் புருவத்தில் இல்லையாம், கண்ணிமையிலாம், அரை விரல் தள்ளியிருந்தால் கண்ணே போயிருக்குமாம். எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்கவேயில்லை என்று வருத்தப்பட்டார்கள். ஒரு வார்த்தை கேளுங்கள்.

மெல்லுவதற்குக் காளான் வாங்குங்கள். தண்ணீரில் ஊறவிடக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். காய்ந்த சட்டியில் எண்ணெய் இல்லாமல், ஒன்றோடொன்று நெருக்காமல் பரப்புங்கள். தண்ணீர் விடும். அது முழுக்க வற்றி ஓரம் சிவக்கிறவரை கிளறாமல் பொறுமையாக நில்லுங்கள். பொறுமை என்றால் என்ன என்று யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம்தான் எண்ணெய், உப்பு, மிளகு.

கத்தரிக்காயை நேரே நெருப்பில் வைத்துச் சுடலாம். தோல் கருகி உரிந்து வரும். பயப்பட வேண்டாம், அதற்கு வலிக்காது. உள்ளே இருப்பதை மசித்து வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்தால் புகை மணத்தோடு கறிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். நாலு மணிக்கு உங்களுக்கு ஒரு வெறிப்பசி வருமே, அதற்குக் கொண்டைக்கடலையை மெத்தென்று அவித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் எதிரில் யாரும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தத் தொட்டி விஷயம். கறி வெட்டுகிறவர்கள் யாரும் கத்தியைத் தொட்டியில் போடமாட்டார்கள். சோப்பு நுரைக்குள் கையை விட்டு விரலைப் பறிகொடுத்தவர்களின் கதையைத்தான் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். பதினோரு வருஷமாக என் கத்தி இடுப்பு உறையில் இருக்கும், இல்லாவிட்டால் சுவர் ஆணியில் இருக்கும். ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அது உங்கள் கண்ணில் படவில்லை. போலீஸ்காரர் எங்கள் கடை மேஸ்திரியிடம் பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். "எங்க ஊசியா? தொட்டியிலயா? நடக்காத கதைங்க" என்று அவர் சொல்லிவிட்டாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தீர்கள், அதுவும் பருப்புச் சோற்றில்.

உங்கள் முதல் கடிதம் வந்தபோது, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையே என்று உண்மையிலேயே நன்றியாக இருந்தது. அதை இப்போது எழுதவே கூசுகிறது. நான் வரமாட்டேன்.

மனைவி

*

மார்ச் 21

ஊசி,

காளான் நன்றாக வந்தது. நானே செய்தேன். முதல் தடவை தீய்ந்துபோனது, இரண்டாம் தடவை நீ சொன்ன மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தட்டை வழித்துத் தின்றேன். எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்லலாம் என்றால் வீட்டில் ஒரு ஆள் இல்லை.

இதையும் கேட்டுக்கொள். மேஸ்திரியைக் காட்டி என்னை மிரட்டுகிறாயா? ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுக்கு வந்து சேர். வராவிட்டால் திங்கட்கிழமை, பெண்டாட்டி என்னைக் கொல்லப் பார்த்தாள் என்று கையெழுத்துப் போடுவேன். நீ உள்ளே போவாய். என்றைக்காவது வெளியே வருவாய் அல்லவா, அன்றைக்குக் கடை வாசலில் நிற்பேன். போன தடவை ஒரு கையோடு விட்டேன். இன்னொரு கை மிச்சம் இருக்கிறது. முகம் இருக்கிறது. அதைச் சட்டிக்குள் வைத்தால் ஏழோடு எண்ணுவதை நிறுத்தமாட்டேன். நான் சொன்னால் செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

கத்தரிக்காய் சுடுவதற்குப் பெரிய அடுப்பா, சின்ன அடுப்பா? அதை எழுத மறந்துவிட்டாய்.

உன்,
கணவன்

*

மார்ச் 23

என்னங்க,

பெரிய அடுப்பு. தீயைக் கூட்டி வையுங்கள்.

உங்கள் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. படித்து முடித்தபின் தோழி தட்டில் போட்டு வைத்த சோற்றை என்னால் தொட முடியவில்லை. அண்ணிக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன். ஏழு என்ற இடம் வந்ததும், "போதும், நிறுத்து. நான் கெளம்பி வரேன்" என்றார்கள். ஒரு மணி நேரத்தில் கண்ணுக்கு மேலே கட்டோடு மாடிப்படியில் வந்து நின்றார்கள். இரண்டு பேரும் காவல் நிலையத்துக்குப் போனோம்.

அங்கே ஒரு பெண் ஆய்வாளர் இருந்தார். உங்கள் கடிதங்கள் மூன்றையும் மேசைமேல் வைத்தேன். கடைசிக் கடிதத்தை அவர் இரண்டு முறை வாசித்தார்.

"காளான் நல்லா இருந்துச்சுன்னு சொல்ற அதே காகிதத்துல மூஞ்சியைச் சட்டியில வெப்பேன்னும் எழுதியிருக்காரா?"

"ஆமாங்க."

"கீழ 'கணவன்'னு வேற போட்டிருக்காரே."

"அவர் எதையும் அரைகுறையா செய்யமாட்டாருங்க" என்றேன். அழுதுகொண்டிருந்த அண்ணிகூடச் சிரித்துவிட்டார்கள்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் வருஷம் போன இரண்டு பல்லைச் சொன்னேன். நாலாம் வருஷம் உடைந்த விலா எலும்பைச் சொன்னேன். ஆறாம் வருஷம், எலும்பு வேகவில்லை என்று வயிற்றில் நீங்கள் உதைத்த உதையில் கலைந்துபோன நம் பிள்ளையைச் சொன்னேன். அதை வாய்விட்டுச் சொன்னது நேற்றுத்தான் முதல் தடவை. எல்லாம் வழுக்கி விழுந்தது என்றே ஆஸ்பத்திரியில் எழுதிவைத்திருக்கிறார்கள், நான்தான் அப்படிச் சொன்னேன். வழுக்கி விழுவதை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

அண்ணியும் தட்டு எறிந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்து குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்தார்கள். அவர்கள்மேல் கோபப்படாதீர்கள். தூக்கி வளர்த்த தம்பிக்கு எதிராக எழுதுவது அவர்களுக்கு லேசாக இல்லை.

கடைசியில் ஆய்வாளர் என்னிடம் கேட்டார்: "குத்தும்போது அவரைக் கொல்லணும்னு நெனச்சீங்களா?"

"கத்தியை எடுக்கும்போது நெனச்சேங்க. உள்ள எறங்கும்போதுதான் ரெண்டு விரல் தள்ளி விட்டேன். பெரிய ரத்தக்குழாய் எங்க ஓடுதுன்னு எனக்குத் தெரியும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. கை வெந்துக்கிட்டிருந்துச்சு, என்ன பண்றேன்னு தெரியலன்னு சொன்னாலே போதும். இந்த ஒரு வரிக்காக நீங்க உள்ள போக வேண்டி வரலாம்."

ஒன்பது வருஷமாக நடந்ததை மாற்றி மாற்றிச் சொல்லி வந்தவள் நான். உங்களுக்காகச் சொன்னேன், அக்கம்பக்கத்துக்காகச் சொன்னேன், டாக்டர்களிடம் சொன்னேன். இன்னும் ஒன்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அப்படியே எழுதச் சொன்னேன். எழுதி, வாசித்துக் காட்டினார். இடது கையால் கையெழுத்துப் போட்டேன்.

நாளைக்கு உங்களிடம் வருகிறவர் இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வருவார். நீங்கள் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். மறைக்கவோ காட்டிக்கொடுக்கவோ என்னுடையது எதுவும் இனி உங்களிடம் இல்லை.

எனக்குத் தண்டனை வருமா என்று தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது. வந்தாலும், அந்த ஒன்பது வருஷம் மாதிரி இல்லாமல், என்றைக்கு முடியும் என்று தேதி போட்டுச் சொல்வார்களாம்.

இப்படிக்கு,
ஊசி