ஈரச் சாக்கு

1984 மார்ச் 6
புளியங்குடி லாரி தாராவி வந்து சேர்ந்தது. நாற்பது பெட்டி எலுமிச்சையையும் கோல்டு ரூமில் அடுக்கியாயிற்று. மே வரை தாங்கினால்தான் மாட்டுங்காவில் என் கடை நிற்கும். பாதி அறை எனக்கு. மறுபாதி தம்பி வெயிலுமுத்துவின் மாங்காய்க்கு. ஃபேன் அவன் பக்கம். 1957-ல், அக்கா என்றும் பார்க்காமல் என்னைச் செருப்பால் அடித்தவன். செவ்வாய்க்கிழமை. இடது காது.

மார்ச் 9
பெட்டிகள் மேல் ஈரச் சாக்கு போர்த்தினேன், தரைவரைக்கும். பிளாட்பாரத்தில் இருபது வருஷம் என் காயைக் காத்தது அதுதான்.

மார்ச் 17
நாறுகிறது. பூஞ்சை. விரல் வைத்தால் காய்க்குள் போகிறது. பதினோரு பெட்டி போச்சு! அவன் மாங்காய் மட்டும் இப்பதான் பறித்த மாதிரி இருக்கு. எப்படி? ஃபேனை மறைச்சு அடுக்கியிருக்கான். வேணும்னே.
"ஏல, காத்த விடுல" என்றேன்.
"ஒனக்குக் கிறுக்கு புடிச்சிட்டு, யக்கா."
சிரிச்சான்.

மார்ச் 18
அடிச்சிட்டேன். பெட்டி நெம்புகிற கம்பியால. முதல் அடி தோளில். தடுக்க வலது கையை நீட்டினான் — எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பிறகும் அடித்தேன். மாங்காய்ப் பெட்டியெல்லாம் ரத்தம். "யக்கா, போதும்க்கா" என்றான். நான் நிறுத்தவில்லை. மெஷின் பார்க்கிற முகம்மது ஹனீப் ஓடிவந்து கம்பியைப் பிடுங்கினான்.

மார்ச் 20
ஹனீப் ஊதுவத்தி கொளுத்திக்கொண்டு அறைக்குள் நடந்தான். தம்பியின் பெட்டிகளுக்கு நடுவே புகை ஓடியது. ஒரு சாண் இடைவெளி விட்டுத்தான் அடுக்கியிருக்கிறான். என் பெட்டிகளுக்கு முன்னால் வந்து புகை முட்டி நின்றது. சாக்கை இழுத்து எறிந்தான். புகை உள்ளே நுழைந்தது.
"ஆச்சி, வெளிய வெயிலுக்குச் சாக்கு சரி. இங்க அதுதான் காத்த அடைச்சிட்டு."
அவனையும் அறையணும்போல இருந்தது.

மார்ச் 22
தம்பிக்கு மூன்று விரல் இனி மடங்காதாம். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரன் கேட்டதற்கு, பெட்டி சரிந்து விழுந்தது என்றானாம்.
பேத்தி கேட்டாள், "ஆச்சி, தாத்தா கைய நீயா ஒடைச்ச?"
ஆமா என்றேன்.
போய்ப் பார்க்கவில்லை. போய் என்னத்தச் சொல்ல? அந்தச் செருப்படி பொய்யா?

ஏப்ரல் 4
வெயிலுமுத்து ஆண்டாப் ஹில்லில் வேறு அறை பிடித்துவிட்டான். ஆட்கள் பெட்டிகளை ஏற்ற, இடது கையால் வழி காட்டினான். "ஏல தம்பி" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். லாரியில் ஏறிப் போய்விட்டான்.
பாதி அறை காலி. ஃபேன் காற்று நேராக என் பெட்டிகளுக்கு வருகிறது. இருபத்தொன்பதையும் திறந்து பார்த்தேன். ஒரு காய்கூட அழுகவில்லை.