கண்காட்சிக்குப் போகும் எங்கட கேற்

லலிதா,

எழும்பி வந்து வாசலைப் பார்த்துக் குழறாதையும். கேற்றைக் கள்ளன் கொண்டுபோகேல்லை. நான்தான் கழற்றிக்கொண்டு முதல் வள்ளத்திலை போறன். குறிகட்டுவான் துறையிலை லொறி நிக்குதாம்.

கண்காட்சிக்கெண்டு என்ரை வகுப்புப் பிள்ளையள் வெல்டிங் செய்த மாட்டுத்தொட்டியை எங்கடை பயிற்சி நிலையப் பணிப்பாளர் பார்த்தவர். "பிரதம விருந்தினர் இதுக்கு முன்னாலையோ நிண்டு படம் எடுக்கிறது?" எண்டு கேட்டவர். பூவேலை உள்ள பெரிய சாமான் வேணுமாம். ஏலாது எண்டு சொல்லச் சொன்னீர். என்ரை நிரந்தர நியமனக் கடிதம் இன்னும் அவரின்ரை மேசையிலை கிடக்கேக்கை எனக்கு வாய் வரேல்லை.

பிள்ளையளின்ரை தொட்டியைக் கொண்டுவந்து வாசலுக்குக் குறுக்கே வைச்சிருக்கிறன். மாடு தண்ணியைக் குடிச்சிட்டுப் போகும், உம்மடை கத்தரிக்கு வராது. குசினியிலை புட்டு மூடியிருக்கு. என்னிலை உள்ள கோவத்தைப் புட்டிலை காட்டாதையும்.

வேதநாதன்

கேற்றிலை நான் வளைச்சு ஒட்டின உம்மடை பேரை மட்டும் அறுத்து எடுத்திட்டன். அலுமாரிக்குள்ளை கிடக்கு.

இன்னுமொண்டு. ஆர் கேட்டாலும் "இது நாங்கள் செய்தது" எண்டு சொல்லப் பிள்ளையளுக்கு நேற்றுப் பழக்கினனான். வெல்டிங் பழக ஆறு மாதம் எடுத்தவையள், இதைப் பத்து நிமிஷத்திலை பிடிச்சிட்டினம்.