இரண்டாவது கொலையாளியாக நடித்தவருக்கு

அண்ணா,

வீடு மாற்றுவதற்காக நேற்றுத் துணிப்பெட்டிகளைப் பிரித்தபோது உங்கள் சட்டை ஒன்று கிடைத்தது. வெளிர் நீலம், முழுக்கை, அலுவலகத்துக்குப் போட்டுப்போகிற மாதிரி சாதாரணச் சட்டை. அந்தக் கொலைக் காட்சிக்கென்று ஒரே மாதிரி மூன்று தைத்திருந்தேன். ரத்தம் படுவதற்கு முன் ஒன்று, பட்ட பிறகு ஒன்று, எதற்கும் கையிருப்பாக ஒன்று. உங்களால் அந்தக் காட்சி மாறிப்போன பிறகு ரத்தமே தேவைப்படவில்லை. ஒன்றை மட்டும் உடுத்தி நடித்தீர்கள். மற்ற இரண்டும் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டன.

எடுத்து முகர்ந்து பார்த்தேன். புதுத் துணியின் கஞ்சி வாசம் மட்டும்தான் வந்தது. நீங்கள் ஒருநாளும் உடுத்தாத சட்டையில் உங்கள் வாசம் எப்படி இருக்கும்? அது தெரிந்தேதான் முகர்ந்தேன்.

நாம் முதலில் பேசியதும் துணியைப் பற்றித்தான். மெல்பர்னில், கிரான்பர்ன் கடைத்தொகுதியில் என் தையல் கடைக்கு ஒரு பையோடு வந்து நின்றீர்கள். நான் ஃபோனில் மகனிடம் தமிழில் பேசுவதையும், அவன் பெர்த்திலிருந்து ஆங்கிலத்தில் பதில் சொல்வதையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "தங்கச்சி, இந்தக் களுசானை இடுப்பிலை கொஞ்சம் ஒடுக்கித் தர ஏலுமோ?" என்றீர்கள். திருப்பூரில் பிறந்து துணியோடு துணியாக வளர்ந்த எனக்குக் களுசான் என்றால் என்னவென்று தெரியவில்லை. "எதைங்ணா?" என்றேன். பையிலிருந்து கால்சட்டையை எடுத்து மேசைமேல் விரித்து, "இதுதான் அது" என்று சிரித்தீர்கள். உங்கள் மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷம் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை உங்கள் இடுப்பளவு எனக்குச் சொன்னது.

என் வீட்டிலும் ஆள் இல்லை. மகன் போய்விட்டான். அவனுடைய அப்பா அதற்கு முன்பே வேறொரு வாழ்க்கைக்குப் போயிருந்தார். எப்படியோ, சனிக்கிழமை மத்தியானம் நூலகத்திலிருந்து படம் எடுத்துவந்து என் வீட்டில் பார்ப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. அந்தப் பழைய ஆங்கிலத் துயர நாடகங்களை இன்றைய ஊருக்குக் கொண்டுவந்து எடுத்த படங்கள் என்றால் உங்களுக்கு உயிர். ராஜாக்கள் கம்பெனி முதலாளிகளாக இருப்பார்கள். கோட்டைகள் கண்ணாடிக் கட்டடங்களாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட மேடையில் அதே நாடகங்களைத் தாளில் செய்த கிரீடம் வைத்து நடித்தவர் நீங்கள். எனக்கு முதலில் அது பொருந்தாமல் உறுத்தியது. சூட்டுப் போட்டவன் எதற்கு ராஜா மாதிரி புலம்ப வேண்டும் என்று கேட்டேன்.

"வாளுக்குப் பதிலாத் துவக்கு. அவ்வளவுதான் வித்தியாசம். சனம் அதே சனம்" என்று விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக் காட்டினீர்கள்.

வில்லன்களைப் பற்றி நாம் சண்டை போடாத சனிக்கிழமை இல்லை. கெடுதல் செய்கிறவன் தான் கெட்டவன் என்று தெரிந்துதானே செய்கிறான் என்பேன் நான். நீங்கள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையை ஆட்டுவீர்கள். "தான் கெட்டவனெண்டு நினைச்சுக்கொண்டு ஒருத்தனும் காலமை வீட்டிலயிருந்து வெளிக்கிடுறேல்லைத் தங்கச்சி." அதை எங்கே கற்றீர்கள் என்று நான் கேட்டதில்லை.

பிறகு அந்தப் படம் வந்தது. மெல்பர்னில் பிறந்து வளர்ந்த ஒரு இளம்பெண் எடுத்த சின்னப் படம். உடைகளைத் திருத்த என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தன் முதலாளியைக் கொன்று லாரிக் கம்பெனியைக் கைப்பற்றுகிறவன், அது போதாமல் கூட இருந்த சிநேகிதனையும் ஆள் வைத்துக் கொல்கிறான். அதே பழைய நாடகம்தான், தென்கிழக்கு மெல்பர்னின் தொழிற்பேட்டையில் நடந்தது. கொலை செய்யப் போகும் இருவரில் ஒருவருக்கு ஆள் கிடைக்கவில்லை என்று இயக்குநர் தவித்தபோது, நான்தான் உங்கள் பெயரைச் சொன்னேன். காய்கறி பொதி செய்கிற இடத்தில் வேலை முடிந்து, கையில் செலரி வாசத்தோடு வந்து நின்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்ததும் அவர் சரி என்றுவிட்டார். அன்று ரயிலில் வரும்போது நீங்கள் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தீர்கள். "வில்லனுக்குத்தான் வேலை கூட. கதாநாயகன் சும்மா அழுதாலே போதும்" என்று என்னைச் சிரிக்க வைத்தீர்கள்.

ஒத்திகை நாளை நான் மறக்கவில்லை. டான்டினாங்கில் வாடகைக்கு எடுத்த ஒரு பழைய வீடு. கதவை உதைத்துத் திறக்க வேண்டும், கத்த வேண்டும், நடைவழியிலேயே குத்த வேண்டும். எழுதியிருந்தது அப்படித்தான். கூட நடித்த தாடிக்காரர் இரண்டு முறை உதைத்துவிட்டார். நீங்கள் கதவுக்கு வெளியே அப்படியே நின்றீர்கள். என்னவென்று கேட்க இயக்குநர் என்னை அனுப்பினார்.

"இப்பிடி வரமாட்டாங்கள்" என்றீர்கள்.

"பின்ன எப்படிங்ணா வருவாங்க?"

"நான் சொல்லுறதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ. எனக்கு இதை இங்கிலிஷிலை சொல்ல வராது" என்றீர்கள்.

நீங்கள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடிந்துதான் வருவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். வீட்டுக்காரியை அக்கா என்று கூப்பிடுவார்கள். ஒரு சின்ன விசாரணை, பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து விட்டுவிடுகிறோம் என்பார்கள். யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். கூட்டிக்கொண்டு போகிறவருக்கே, கதவைத் தாண்டும்வரை பயம் வராது.

இயக்குநரின் கண் கலங்கிவிட்டது. இது நீங்கள் நேரில் பார்த்ததா என்று கேட்டார்.

"ஓம். என்ர அண்ணை" என்றீர்கள். "எனக்கு அப்ப இருபது வயசு. அறைக்குள்ளை நிண்டனான். கதவு நீக்கலுக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டனான். வெளியிலை வரேல்லை."

அதையும் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் விடாமல், தடுமாறாமல். ஆறு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் என் சோபாவில் உட்கார்ந்திருந்த மனிதர், அண்ணன் என்ற சொல்லை அன்றுதான் என் முன்னால் சொன்னார். வந்தவர்கள் யார் என்று இன்றுவரை தெரியாது என்றும், அண்ணனைப் பிறகு யாருமே பார்க்கவில்லை என்றும் சொன்னீர்கள். இதைப் படத்தில் வைக்கத்தான் வேண்டுமா, யோசித்துச் சொல்லுங்கள் என்று இயக்குநர் திரும்பத் திரும்பக் கேட்டார். வைக்கட்டும் என்றீர்கள். நானாவது உங்களைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அளவெடுக்கும் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சட்டை இனி எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

படம் நகரத்தில் ஒரு சின்னத் திரையரங்கில் ஓடியது. நாம் இருவரும் ரயிலில் போய்ப் பார்த்தோம். உங்கள் காட்சி மூன்று நிமிடம்கூட வராது. அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. ஒரு விமர்சகர் அந்த மூன்று நிமிடத்தைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதினார். இவ்வளவு மரியாதையான கொலையாளியைத் தான் பார்த்ததில்லை என்றார். உங்கள் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார். அதை வெட்டி எடுத்து உங்களிடம் தந்தேன். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தீர்கள்.

சில மாதம் கழித்துப் படம் இணையத்துக்கு வந்தது. டொராண்டோவில் இருக்கும் உங்கள் அண்ணிக்கு யாரோ அதை அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு ஃபோன் பேசாமல் நீங்கள் எந்த வாரமும் இருந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் சனிக்கிழமை வரை காத்திருந்து சொன்னீர்கள்.

"அண்ணி படம் பாத்திட்டா."

"என்னங்ணா சொன்னாங்க?"

"'அண்டைக்கு வந்தவங்களை மாதிரியே நிண்டனி' எண்டா. பிறகு ஃபோனை வைச்சிட்டா."

அதன்பின் அவர் ஃபோனை எடுக்கவில்லை. நீங்கள் ஞாயிறுதோறும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தீர்கள். மணி அடித்து அடித்து ஓயும்வரை காதில் வைத்திருப்பீர்களாம். நான் பேசிப் பார்க்கட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். எனக்கும் உள்ளுக்குள் குற்ற உணர்ச்சி. உங்களை அந்தப் படத்துக்குக் கூட்டிப்போனவள் நான்தானே.

"வேண்டாம் தங்கச்சி. அவ கோவிக்கட்டும். கோவிக்க அவவுக்கு வேற ஆர் இருக்கினம்?" என்றீர்கள்.

மெல்ல மெல்ல சனிக்கிழமைகளும் குறைந்தன. வந்தாலும் படம் வேண்டாம் என்பீர்கள். தேநீர் குடித்துவிட்டு, என் பின்கட்டு வேலியில் ஏறும் பாகல் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போட்டு வாறன்" என்று எழுந்துவிடுவீர்கள். இரண்டு வருஷம் அப்படிப் போனது.

ஒரு புதன்கிழமை காலை, பொதி செய்யும் இடத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தீர்களாம். மறுபடி எழவில்லை. உங்கள் மேற்பார்வையாளர் உங்கள் ஃபோனில் கடைசியாகக் கூப்பிட்டிருந்த எண் எது என்று பார்த்து எனக்குப் பேசினார். சவச்சாலைக்காரர்கள் உடுத்த உடுப்புக் கேட்டார்கள். உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எந்தக் கால்சட்டையை எடுத்தாலும் இடுப்பில் என் தையல் இருந்தது.

இறுதிச் சடங்குக்கு இருபது பேர்கூட இல்லை. வெளியூரில் இருக்கிறவர்கள் பார்ப்பதற்கென்று மூலையில் ஒரு கேமரா வைத்திருந்தார்கள். அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று நான் அடிக்கடி திரும்பிப் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை தெரியாத எண்ணிலிருந்து ஃபோன் வந்தது.

"நீங்கதானே தையல் தங்கச்சி?"

அந்தப் பேச்சைக் கேட்டதுமே உங்கள் அண்ணி என்று தெரிந்துவிட்டது. "ஆமாங்க்கா" என்றேன்.

"அவர் உங்களைப் பற்றிக் கதைக்கிறவர். சடங்கு முழுக்க இங்கயிருந்து பாத்தனான். பிறகு ஒரு மாதிரி உங்கட நம்பரை எடுத்தனான். உங்களிட்டை ஒண்டு கேக்க வேணும். அந்தப் படத்தை நான் எத்தினை தரம் பாத்தனானெண்டு எனக்கே தெரியாது. முதல் நாள் தாங்க ஏலாமல் அப்பிடிச் சொல்லிப்போட்டன். பிறகு பாக்கப் பாக்க ஒரு இடத்திலை மனம் நிண்டு போச்சு. வெளிக்கிடேக்கை அந்த ஆளின்ர சப்பாத்தை எடுத்து, குனிஞ்சு, காலடியிலை வைக்கிறாரெல்லே. அப்பிடிச் செய்யச் சொன்னது ஆர்?"

அந்த இடத்தைப் பற்றி நான் இந்த மடலில் இதுவரை எழுதவில்லை. அன்று அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வெறும் பாதத்தோடு வாசலுக்கு வந்த, அந்தச் சிநேகிதனாக நடித்தவர் முன்னால் நீங்கள் குனிந்து, ஷூ இரண்டையும் எடுத்து, ஒவ்வொன்றாக அவர் காலுக்கு நேரே வைத்து, அவர் போட்டு முடிக்கும்வரை தோளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கதையில் அது இல்லை. ஒத்திகையிலும் இல்லை.

"யாரும் சொல்லலீங்க்கா. அவராத்தான் செஞ்சாரு" என்றேன்.

அண்ணி அழ ஆரம்பித்தார். வெகுநேரம் அழுதார். நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ர மனுசன் அண்டைக்கு வெறுங்காலோடை போனவர்" என்றார். "செருப்பை மாட்ட விடேல்லை. இந்தா வந்திடுவார்தானே எண்டவங்கள். நான் செருப்பைக் கையிலை எடுத்துக்கொண்டு தெருப் படலை வரைக்கும் ஓடினனான். வாகனம் போயிட்டுது. திரும்பி வரேக்கை, அறை வாசல்லை தம்பி நிண்டவன். என்ர கையிலை இருந்த செருப்பைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவன். அதைப் பற்றி நாங்கள் ரெண்டு பேரும் ஒருநாளும் கதைக்கேல்லை."

அண்ணா, உங்களிடம் கோபித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு வருஷமும், ஞாயிறு காலையில் மணி அடிக்கும்போதெல்லாம் அவர் ஃபோனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். எடுத்தால் செருப்பைப் பற்றித்தான் கேட்பேன், கேட்டால் தாங்கமாட்டேன் என்று எடுக்கவில்லையாம். அடுத்த கிழமை எடுப்பம், அடுத்த கிழமை எடுப்பம் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டாராம். இதை உங்களிடம் சொல்லச் சொன்னார். எப்படிச் சொல்வது என்று நான் கேட்கவில்லை. சரிங்க்கா என்றுவிட்டேன். இந்த மடல் அதற்காகத்தான்.

ஃபோனை வைப்பதற்கு முன்னால், "வாற ஞாயிறும் உங்களுக்கு எடுக்கட்டே?" என்று கேட்டார்.

எட்டு மாதமாகக் கூப்பிடுகிறார். எங்களுக்குள் பேச அதிகம் இல்லை. அங்கே பனி பெய்தால் சொல்வார். மகன் பேசினானா என்று கேட்பார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. சில வாரம் ஒன்றும் பேசாமல், அவர் சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் மணி அடித்தால் உடனே எடுத்துவிடுகிறேன் அண்ணா. இரண்டாவது மணி அடிக்க விடுவதில்லை.