மாடிக்குத் தனிப் படிக்கட்டு

திருமுல்லைவாயில்,
12.6.1988

அத்தானுக்கு,

மாடி கட்ட ஜபல்பூரிலிருந்து நீங்கள் அனுப்பிய பிளானோடு மேஸ்திரி கஜபதி நேற்று வந்தார். வெளியே தனிப் படிக்கட்டு, மேலே தனிச் சமையலறை. வாடகைக்கு விடத்தான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

"வாடகைக்கு இல்லம்மா. அந்தம்மாவும் பையனும் வர்றாங்கோன்னு சார் எழுதிக்கீறாரே, உங்களுக்குத் தெரியாதா? பையன் எட்டிப் பாக்க ஜன்னலைத் தாழ்வா வைக்கணுமாம்," என்றார்.

உங்கள் கடிதத்தை அவரிடம் வாங்கிப் படித்தேன். பையனுக்கு மூன்று வயது என்று எழுதியிருக்கிறீர்கள்.

போன தை மாதம் நமக்குக் குழந்தை வேண்டிக் கோயில் மரத்தில் என்னோடு சேர்ந்து தொட்டில் கட்டினீர்களே. அப்போது அவன் நடந்துகொண்டிருந்திருப்பான்.

வேலை வேண்டாமென்று மேஸ்திரியை அனுப்பிவிட்டேன். மனை என் அப்பா எனக்கு எழுதிவைத்தது. லீவில் வந்தால் உங்கள் துணிமணிகள் பெட்டியில் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
இந்த வீட்டுக்காரி