பன்றிக்குள் நிற்கும் குண்டு

அன்புள்ள தம்பி டெல்பர்ட்டுக்கு,

பிரேசோஸ் ஆற்றங்கரை நிலக்கடலை வயலைக் காட்டுப்பன்றிகள் மீண்டும் கிளறிவிட்டன. வேட்டைக்கு வரலாமா, எந்தத் தோட்டா வாங்குவது என்று கேட்டிருக்கிறாய்.

மென்முனை ஈயக்குண்டு வாங்கு. அது பன்றிக்குள் விரிந்து அங்கேயே நின்றுவிடும். முழுவதும் செம்பு உறை போர்த்திய குண்டு நிற்காது.

சென்ற ஆண்டு தோட்டாக் கடையில் இதையே சொன்னபோது, "பன்னிக்கு மாப்பிள்ளையா பாக்குறண்ணே? ஓட்டை விழுந்தா போதாதா?" என்று கேலி செய்தாய். என் மகன் கர்டிஸும் உன்னோடு சேர்ந்து சிரித்தான். அந்த வேட்டையில் உன் குண்டு பன்றியைத் துளைத்து, அப்பால் புதரோரம் நின்ற அவனுக்குள் போய்த்தான் நின்றது.

அடக்கத்துக்குப் பிறகு நீ இங்கு வரவில்லை. "தம்பியையும் சாகக் கொடுத்துட்டோமா என்ன? வரச் சொல்லுங்க" என்கிறாள் உன் அண்ணி.

வா. தோட்டாப் பெட்டியைப் பிரிக்காமல் கொண்டு வா. ஒவ்வொன்றையும் நானே பார்த்து உன் கையில் தருவேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்