மேல யாரு இருக்கா

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நாங்கள் எல்லோரும் கை கால் முழுசாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் இருப்பதை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவீர்கள். நீங்கள் நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் ஜம்முனு இருக்கேன் என்பீர்கள். போனை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்ததும் அதனால்தான். போனில் பேச்சை மாற்றுவதில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நம் வாண்டு கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். அந்த மார்க்குக்காகத்தான் உங்கள் தம்பி எங்களைத் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு மலை. மரம் செடி ஒன்றும் இல்லாமல் மொட்டைத் தலை மாதிரி முழுக்க ஒரே கருங்கல். உச்சிக்குப் போகிற கடைசி ஏற்றம் சுவர் போல நிற்கிறது. இரும்புக் கம்பங்கள் நட்டு, அதில் கம்பி வடம் கட்டியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். மாடிப்படி ஏறுகிற மாதிரிதான் அண்ணி என்றார் உங்கள் தம்பி. பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறுவதற்கே பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுகிறவள் நான். பையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கீழே பாறைத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

சித்தப்பா முன்னால், வாண்டு பின்னால். அவளுடைய மஞ்சள் சட்டை சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வானம் பளிச்சென்றுதான் இருந்தது. மேகம் மலைக்குப் பின்பக்கமிருந்து வந்ததால் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. காய்ந்திருந்தபோது உப்புத்தாள் மாதிரி காலைப் பிடித்த கல், நனைந்ததும் எண்ணெய் தடவியது போல ஆகிவிட்டது.

மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். மஞ்சள் சட்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு சின்னப் பொண்ணு கம்பியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிட்டு நிக்குது, யார் சொன்னாலும் அசைய மாட்டேங்குது என்று இறங்கி வந்த ஒரு பெண் சொன்னாள். பையைப் போட்டுவிட்டுக் கம்பி தொடங்கும் இடத்துக்கு ஓடினேன்.

பூங்காவின் காவலர் ஒரு பெண். வாண்டு இருந்த இடம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். தொட்டாலே உதைக்கிறாளாம். பிடித்து இழுத்தால் இருவரும் சேர்ந்து போக வேண்டியதுதானாம். அதைவிடப் பெரிய கவலை இடி. இடி பக்கத்தில் வந்துவிட்டால் அந்தக் கம்பியை ஒருவரும் தொடக்கூடாது, அதற்குள் குழந்தை இறங்கியாக வேண்டும் என்றாள். அப்போதே தூரத்தில் உறுமிக்கொண்டிருந்தது. "மேல ஆள் இல்லாம அசையக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காங்கன்னே சொல்லிட்டிருக்கா. அப்படின்னா என்னங்க?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்கா தெரியாது? உயரக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கிற மனுஷன் லீவில் வந்தால் மகளோடு வேறென்ன விளையாடுவார்? என் துணிக் கொடியை அவிழ்த்து அவள் இடுப்பில் கட்டி, நீங்கள் மாடியில் நின்றுகொண்டு படிப்படியாக இறக்குவீர்களே. பயம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நில், மேலே இருக்கிறவர் பார்த்துக்கொள்வார். கயிறு ரெண்டு தரம் சுண்டினால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம், அப்புறம் இறங்கு என்று சொல்லிக்கொடுப்பீர்களே. துணி காயப்போட இடமில்லாமல் நான் கத்திக்கொண்டிருப்பேன். அவள் அடம் பிடிக்கவில்லைங்க. நீங்கள் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டு நின்றாள்.

அதனால் நான் ஏறினேன். நம்ப மாட்டீர்கள், ஏறினேன். காவலர் முதலில் கூடவே கூடாது என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையுறையும் ஒரு கயிறும் எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். கீழே பார்க்கவில்லை. அடுத்த கம்பம், அடுத்த கம்பம் என்று அதை மட்டும் பார்த்தேன். செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். வழியில் உங்கள் தம்பி, அவளைத் தாண்டி இறங்கி வந்து, அவள் காலுக்கடியில் தோளைக் கொடுத்துக்கொண்டு பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கிடந்தார். முகத்தில் வழிந்தது மழையா அழுகையா தெரியவில்லை.

வாண்டைத் தாண்டி மேலே போனேன். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் என் குரலே காட்டிக்கொடுத்திருக்கும். காவலர் அவள் இடுப்பில் கயிற்றைச் சுற்றினாள். கயிறு பட்டதும் உதைப்பது நின்றுவிட்டது. மறுமுனையைக் கம்பத்தில் எப்படிச் சுற்றிப் பிடிப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். கம்பத்துக்குக் காலை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, ரெண்டு தரம் சுண்டினேன்.

கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள். "நீயாம்மா?" என்றாள், ஏதோ ஏமாந்துபோன மாதிரி. ஆனால் காலை எடுத்து வைத்தாள். கொஞ்சம் இறங்கியதும் நின்று, மறுபடியும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மா, உனக்கு மேல யாரு இருக்கா?"

"யாராவது இருப்பாங்க, நீ இறங்கு" என்றேன்.

ஒருத்தரும் இல்லை. எனக்கு மேலே வெறும் பாறையும் மழையும்தான். அவள் ஒரு கம்பம் இறங்கியதும், நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கம்பத்துக்குத் தேய்த்துக்கொண்டு இறங்குவேன். முதுகு முழுக்கப் பயமாக இருந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, முதுகுதான் பயந்தது. நாங்கள் திட்டுக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்த கொட்டகைக்குள் நுழையும்போது மலை உச்சியில் இடி விழுந்தது. உங்கள் தம்பி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். வாண்டு பாலைக் குடித்துவிட்டுத் தூங்கினாள்.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம். போன வாரம் நீங்கள் போனில், பேச்சோடு பேச்சாக, மீசைக்காரர் ஒரேயடியாக ஊருக்குப் போய்விட்டார் என்றீர்கள். இத்தனை வருஷமாக நீங்கள் தொங்குகிற கட்டடத்து மொட்டைமாடியில் உட்கார்ந்து உங்கள் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். இப்போ மேல யாரு இருக்கா என்று கேட்டேன். யாராவது இருப்பாங்க என்று சொல்லிவிட்டு, சிலிண்டர் வந்துச்சா என்றீர்கள். நானும் மடச்சி, வந்துச்சு என்றேன்.

அந்த வார்த்தையை எப்போது சொல்லுவார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். என் வாயாலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மகளிடம் சொன்ன மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நிற்காதீர்கள். அங்கே உங்களுக்காக ஒருவரும் வரப்போவதில்லை. இங்கே நாங்கள் இருக்கிறோம். வாண்டு கொடியை அவிழ்த்து வைத்துக்கொண்டு, அப்பா வந்தா நான்தான் மேல நிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம், அதை அப்புறம் பேசுவோம். இந்தக் கடிதத்தை நான் ரெண்டு தரம் சுண்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். இறங்கி வந்துவிடுங்கள்.

உங்கள் வரவையே பார்த்துக்கொண்டிருக்கும்,
வாண்டின் அம்மா